மின்னலைப் பிடித்த முன்னோரும் ஜாம் போத்தல் விளக்கும்

'மின்சாரம் என்ற சொல்லைப் பாருங்கள். அதற்குள் மின் இருக்கிறது. மின் என்றால் மின்னல். மின்னலும் மின்சாரமும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்க வெள்ளைக்காரனுக்கு 1752 வரை சென்றது. தமிழனோ ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்னமே அதை அறிந்து, சொல்லுக்குள்ளேயே பொதிந்து வைத்துவிட்டான்!'

இந்தக் கதையைக் கேட்காத தமிழர் இங்கு யாராவது இருக்கிறீர்களா? தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சொல்கிறார்கள். சாமத்தியச் சடங்கு மண்டபத்தில், சோறு வரும்வரை மைக்கைப் பிடித்துக் கொண்டிருப்பவர் சொல்கிறார். இப்போது காலையில் கைத்தொலைபேசியைத் திறந்தால், மின்னல் வெட்டும் படத்தோடு, 'தமிழனாக இருந்தால் பகிருங்கள்' என்ற கட்டளையோடு வந்து விழுகிறது. சபையில் கைதட்டுகிறார்கள். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளும் பெரியவர்களைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள்.

இது பொய். அதுவும் தமிழை ஒரு நிமிடம் உற்றுக் கவனித்தாலே உடைந்துபோகிற பொய். தமிழின் பெயரால் சொல்லப்படும் இந்தப் பொய்யைத் தமிழே மறுக்கிறது என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. எனவே தமிழிலிருந்தே தொடங்குவோம்.

'மின்' என்ற வேருக்கு ஒளிர்தல், பளிச்சிடுதல் என்பதுதான் பொருள். மின்னு, மின்னல், மினுக்கு, மினுங்கு, மினுமினு, மின்மினி எல்லாம் ஒரே குடும்பம். யாழ்ப்பாணத்தில் கல்யாண வீட்டுச் சேலையும் மினுங்கும், எண்ணெய் பூசிய தலையும் மினுங்கும், மழைக்கு முன் வானமும் மின்னும். விட்டு விட்டு வரும் ஒளி, கண்ணில் பட்டு மறையும் ஒளி. அவ்வளவுதான் அந்தச் சொல்லின் உள்ளே இருப்பது. தொல்காப்பியத்தின் புள்ளிமயங்கியல் 'மின்' என்பதைப் பின், பன், கன் என்பவற்றோடு ஒன்றாக வைத்து, இவை புணரும்போது தொழிற்பெயர் போல நடக்கும் என்கிறது. அது புணர்ச்சி விதிதான். என்றாலும், 'மின்' என்றவுடன் ஒரு பொருளைவிட ஒரு நிகழ்வையே, அதாவது மின்னுதலையே, நமது மொழி நினைத்திருக்கிறது என்று எண்ணத் தோன்றுகிறது. சங்கப் பாடல்களில் மின் கார்காலத்தோடு வரும், மழையோடு வரும், பிரிந்தவன் திரும்புவான் என்ற எதிர்பார்ப்போடு வரும். பிற்காலப் புலவர்கள் அதைப் பெண்ணின் இடையில் கொண்டுபோய்க் கட்டினார்கள். பெண்களையே 'மின்னார்' என்றார்கள். இவற்றில் எந்த இடத்தில் மின்சாரம் இருக்கிறது? உரசினால் துரும்பை இழுக்கும் பொருள் எங்கே? கம்பி வழியே ஓடும் ஆற்றல் எங்கே?

சரி, அவர்களுக்கு இன்னுமொரு சந்தர்ப்பம் கொடுப்போம். மின்னலில் இருப்பது மின்சாரம் என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மின்னல் தாக்கி ஒரு பனை எரிந்தால் நாம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'மின்னல் விழுந்தது' என்றல்லவா? ஊரில் எந்தக் கிழவியாவது அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? 'பனையிலை இடி விழுந்திட்டுது' என்றுதான் சொல்வார்கள். கோபத்தில் திட்டும்போதும் 'உன்ரை தலையிலை இடி விழ' என்பார்களே தவிர, மின்னல் விழச் சொல்லி எவரும் சபித்ததில்லை. சங்கப் புலவர்களுக்கும் இதுதான் நம்பிக்கை. பாம்பின் தலையைச் சிதைப்பது உருமேறு, அதாவது இடி. மின்னல் கண்ணுக்கு அழகு காட்டிப் போய்விடும். அடிப்பதும் எரிப்பதும் கொல்வதும் இடியின் வேலை.

உண்மை இதற்கு நேர் எதிரானது. எரிப்பது மின்னல். இடி என்பது, மின்னல் போன பாதையில் காற்று ஒரு கணத்தில் கொதித்து விரிவதால் எழும் சத்தம். சத்தம் யாரையும் எரிப்பதில்லை. ஒளி முதலில் வருகிறது, ஒலி ஒரு செக்கனுக்கு 340 மீற்றர் அளவில் பின்னால் நடந்து வருகிறது. இரண்டுக்கும் இடையில் மூன்று செக்கன் எண்ணினால் மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் என்று கணக்கு. ஆக, மின்சாரம் இருக்கும் இடத்தில் நமது மொழி வெறும் பளபளப்பைக் கண்டது. சத்தம் மட்டுமே இருக்கும் இடத்தில் ஆற்றலைக் கண்டது. கட்டடங்களின் உச்சியில் மின்னலைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கும் கம்பிக்குக்கூட நாம் இன்றுவரை 'இடிதாங்கி' என்றுதான் பெயர் சொல்கிறோம்!

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரெஞ்சுக்காரன் அதே கம்பியைப் 'பரத்தொனேர்' என்கிறான். இடியைத் தடுப்பது என்று பொருள். அவனுடைய பாட்டனும் நம் பாட்டனைப்போல் இடிக்குத்தான் பயந்திருக்கிறான். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் வைத்து மனிதர் சொல் செய்கிறார்கள். அந்தச் சொல்லைப் பிறகு வந்தவர்கள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதற்குள் பௌதிகப் பாடப்புத்தகத்தைத் தேடுவதுதான் வெட்கம்.

*

அப்படியானால் மின்னலுக்குள் மின்சாரம் எப்போது, யாரால் வைக்கப்பட்டது?

கதை தொடங்குவது வானத்தில் அல்ல, ஒரு பிசினில். அம்பர் என்கிற, பழைய மரப்பிசின் இறுகி உண்டான கல்லைத் துணியில் தேய்த்தால் அது துரும்பை இழுக்கும் என்பது பழைய கிரேக்கருக்குத் தெரிந்திருந்தது. அம்பருக்குக் கிரேக்க மொழியில் 'எலெக்த்ரோன்'. 1600இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பேர்ட், காந்தம் பற்றித் தாம் லத்தீனில் எழுதிய நூலில், இப்படி இழுக்கும் பொருள்களை அம்பரின் பெயராலேயே குறித்தார். அங்கிருந்து வந்ததுதான் இன்று உலகெங்கும் வழங்கும் 'எலெக்ட்ரிக்'. அந்தப் பெயரில் மின்னல் இல்லை. பிசின்தான் இருக்கிறது.

இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. சந்தேகம் அறிவாவதற்கு ஒருவர் அதைச் செய்து பார்க்க வேண்டும். செய்து பார்த்த இடம், பாரிஸில் இருக்கும் எம்மவர் பலர் ரயிலில் கடந்துபோகிற தூரத்தில்தான் உள்ளது. நகருக்கு வடக்கே மார்லி-லா-வில் என்ற ஊர். 1752 மே 10. அமெரிக்காவிலிருந்து பெஞ்சமின் பிராங்ளின் எழுத்தில் முன்வைத்த யோசனையின்படி, தலிபார் என்ற பிரெஞ்சு அறிஞர் அங்கே 40 அடி உயர இரும்புக் கம்பி ஒன்றை நாட்டியிருந்தார். அதன் அடி மண்ணில் படாமல் இருக்க, வைன் போத்தல்களைக் கால்களாக வைத்த பலகை. புயல் வந்த நேரம் தலிபார் அங்கே இல்லை, பாரிஸில் இருந்தார். காவலுக்கு விடப்பட்டிருந்தவர் குவாஃபியே என்ற பழைய படைச் சிப்பாய். முழக்கம் கேட்டதும் ஓடிப்போய்க் கம்பியை நெருங்கிப் பொறியை வரவழைத்தவர் அவர்தான். ஊர்ப் பாதிரியார் ஆலங்கட்டி மழைக்குள் ஓடிவந்து தாமும் பொறியைக் கண்டார். மேகத்திலிருந்து வருவது, தேய்த்த கண்ணாடியிலிருந்து வரும் அதே சரக்குத்தான் என்று அன்றைக்கு நிரூபணமானது. பிராங்ளினின் பட்டக் கதை அதன் பிறகு வந்தது.

குவாஃபியேயின் பெயரை எத்தனை பேர் அறிவோம்? கைவைத்தவன் பெயர் மறைந்து, வீட்டில் இருந்தவன் பெயர் நிற்பது எங்கும் உள்ளதுதான். கோப்பை கழுவுகிறவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் இங்கு சொல்ல வருவது, அந்த அறிவுக்கு ஒரு விலை இருந்தது என்பதை. அடுத்த ஆண்டு, 1753இல், சென் பீற்றர்ஸ்பேர்க்கில் றிச்மன் என்ற பேராசிரியர் இதே பரிசோதனையைச் செய்யும்போது மின்னல் தாக்கி அங்கேயே இறந்தார். இவர்கள் உயிரைப் பணயம் வைத்து அறிந்த ஒன்றை, நாம் கதிரையில் சாய்ந்துகொண்டு, 'அது எங்கள் சொல்லுக்குள் முன்னமே இருந்தது' என்று சொல்வது அறிவுக்குச் செய்கிற அவமரியாதை மட்டும் இல்லை. செத்தவனுக்கும் செய்கிற அவமரியாதை.

1752க்குப் பிறகுதான் எந்த மொழியும் மின்சாரத்துக்கு மின்னலின் பெயரை அறிவோடு வைக்க முடிந்தது. பல மொழிகள் வைத்தன. சீன மொழியில் மழையைக் குறிக்கும் உறுப்பைத் தலையில் சுமந்த 'தியென்' என்ற எழுத்து, மின்னல் என்ற பழைய பொருளோடு 19ஆம் நூற்றாண்டில் மின்சாரம் என்ற பொருளையும் ஏற்றது. ஹிந்தியில் 'பிஜ்லி' மின்னலும்தான், மின்சாரமும்தான். அது சமஸ்கிருத 'வித்யுத்' பிராகிருதத்தின் வழியே தேய்ந்து வந்த வடிவம். அதே வித்யுத்தின் இன்னொரு பிள்ளைதான் சிங்களத்தின் 'விதுலிய'. வித்யுத்திலும் உள்ளே இருப்பது ஒளிர்தல் என்ற பொருள்தான்.

நான் வேலை செய்யும் சமையலறையில் ஒரு எகிப்தியரும் ஓர் ஆப்கானிஸ்தான் பையனும் இருக்கிறார்கள். ஃபியூஸ் போனால் எகிப்தியர் 'கஹ்ரபா' போய்விட்டது என்பார். ஆப்கான் பையன் 'பர்க்' இல்லை என்பான். 'பர்க்' என்பது அரபு மொழியில் மின்னலுக்குப் பெயர். 'கஹ்ரபா' பாரசீகத்திலிருந்து அரபுக்குப் போனது. வைக்கோலைப் பறிப்பது என்று பொருள், அதாவது அம்பர். அரபுக்காரர் பாரசீகரின் பிசினை எடுத்துக்கொள்ள, பாரசீக மொழி பேசுகிறவர் அரபுக்காரரின் மின்னலை எடுத்துக்கொண்டார்! இருவருமே தங்கள் முன்னோர் மின்சாரம் கண்டார்கள் என்று என்னிடம் சொன்னதில்லை. இருட்டுக்குள் நின்றுகொண்டு ஃபியூஸைத்தான் தேடுவார்கள்.

சொல்லுக்குள் மின்னல் இருந்தால் அறிவும் இருந்தது என்று வாதிடுகிறவர்கள் ஒருமுறை இங்குள்ள பேக்கரிக்குப் போய்ப் பார்க்கட்டும். நீள விரல் போன்ற மாவுப் பண்டம், உள்ளே கிறீம், மேலே சொக்கலேற் பூச்சு. அதன் பெயர் 'எக்லேர்'. பிரெஞ்சில் மின்னல்! 'பிரகாசமாக்கு' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். முன்னர் இந்தப் பண்டத்தைச் சீமாட்டியின் பெயரால் அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் மின்னலானது. ஒரு நொடியில் தின்று முடிவதால் என்பார் சிலர், பூச்சு பளபளப்பதால் என்பார் சிலர். எங்கள் மேடைப் பேச்சாளரின் தர்க்கப்படி, பிரெஞ்சுப் பேக்கரிக்காரன் மின்னலைப் பிடித்து மாவுக்குள் அடைத்தான் என்றல்லவா முடிவுக்கு வரவேண்டும்?

*

இனி நமது அயல்வீடுகளைப் பார்ப்போம். மின் என்ற வேர் தமிழின் தனிச் சொத்தில்லை. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினால் தெரியும். மலையாளத்தில் 'மின்னல்' அப்படியே இருக்கிறது. கன்னடத்தில் 'மிஞ்ச்சு' என்று ஒலிக்கும் சொல் மின்னல். தெலுங்கில் 'மினுகு' ஒளி. நம் மின்மினி மலையாளத்தில் 'மின்னாமினுங்கு', தெலுங்கில் 'மிணுகுரு' என்று தொடங்கும் பூச்சி. ஒரே மரத்துக் கிளைகள். எந்தக் கிளையும் மற்றக் கிளைக்குத் தாய் ஆகாது. தேவநேயப் பாவாணர் 1966இல் தமிழே உலகின் முதற் செம்மொழி என்று ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். அவரது உழைப்பையும் தமிழ்ப் பற்றையும் மதிக்கிறேன். ஆனால் ஒலி ஒத்தால் உறவு என்று எடுத்துக்கொள்ளும் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இன்று கைத்தொலைபேசியில் வருகிற குப்பைகளே சாட்சி.

மின்சாரம் என்று வரும்போது இந்த அயல்வீடுகள் என்ன செய்தன? கன்னடமும் தெலுங்கும் மலையாளமும், மின் என்ற வேரைத் தங்கள் கையிலேயே வைத்திருந்தும், ஏட்டு வழக்கில் வித்யுத்தை எடுத்துக்கொண்டன. தமிழ் மின்னை எடுத்தது. முன்னோர் அறிவு அந்த வேருக்குள் உறங்கியிருந்தால் நான்கு வீட்டிலும் அல்லவா விழித்திருக்க வேண்டும்? ஒரு வீட்டில் மட்டும் ஏன்? ஏனென்றால் அது பரம்பரைச் சொத்தல்ல. யாரோ சிலர் உட்கார்ந்து யோசித்துத் தெரிவுசெய்த சொல். அந்தத் தெரிவிலும் முழுத் தனித்தமிழைத் தேடாதீர்கள். மின்னோடு ஒட்டியிருக்கும் 'சாரம்' வடமொழி வழி வந்தது என்பதே பொதுவாகக் கொள்ளப்படுவது. தனித்தமிழ்க்காரர் பின்னால் 'மின்னாற்றல்' என்று திருத்தியதே அதனால்தான்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மின்சாரம் என்ற சொல்லை முன்னோர் தலையில் கட்டும்போது, அதை உண்மையில் உழைத்துச் செய்தவர்களை அழித்துவிடுகிறோம். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்துகொண்டு அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீனும் அவருடைய தமிழ் மாணவர்களும் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிக்கலாம் என்று செய்தே காட்டினார்கள். 20ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அரசகரும மொழித் திணைக்களத்தில் இருந்து கலைச்சொற் தொகுதிகளை ஆக்கியவர்கள், உயர்தர வகுப்புக்குப் பௌதிகப் புத்தகம் மொழிபெயர்த்தவர்கள், கரும்பலகையில் அவற்றை எழுதி எழுதிப் பழக்கிய ஆசிரியர்கள்... இவர்களால்தான் மின்னோட்டம், மின்னேற்றம், மின்னழுத்தம் எல்லாம் எங்கள் வாயில் வந்தன. இந்த ஆசிரியர்கள் ஒருவருக்கும் மேடையில் கைதட்டல் இல்லை. கைதட்டல் எல்லாம் பெயர் தெரியாத முன்னோருக்கு!

அவர்கள் கண்மூடித்தனமாகவும் இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 'மின்னணு' என்று ஆக்கிய இடத்தில், எங்கள் பாடப்புத்தகம் 'இலத்திரன்' என்று வைத்தது. அந்த இலத்திரனைத் தட்டிப் பாருங்கள். உள்ளே கிரேக்கனின் எலெக்த்ரோன், அந்தப் பழைய அம்பர், தமிழ் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரே பாடப்புத்தகத்தில் மின்னோட்டமும் இலத்திரனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று எங்கள் வானத்திலிருந்து, மற்றது மத்தியதரைக் கடற்கரையிலிருந்து. படித்த எங்களுக்கு எந்த இடைஞ்சலும் இருக்கவில்லை.

*

இந்த முன்னோர் கதைக்கு ஒரு பெரிய அண்ணன் இருக்கிறான். அகத்தியர் பற்றரி செய்தாராம்! மண்பானை, செப்புத் தகடு, துத்தம், ஈர மரத்தூள், பாதரசம் என்று 'அகத்திய சம்ஹிதை' என்ற பெயரில் சமஸ்கிருதச் சுலோகங்கள் சுற்றுகின்றன. அவற்றின் காலத்தை நிறுவக்கூடிய சுவடி எதையும் இதைப் பரப்புகிறவர்கள் எடுத்து வைப்பதில்லை. ஆனால் அகத்தியர் தமிழ் முனிவரும் ஆயிற்றே! எனவே வடக்கே இந்துத்துவக்காரர் செய்த சரக்கை, ஆரியத்தைத் திட்டும் அதே வாயால் நம்மவரும் விழுங்குகிறார்கள்.

அகத்தியரின் பற்றரி பற்றிப் பேசுகிறவர்களுக்கு நான் வேறொரு பற்றரியை நினைவூட்ட விரும்புகிறேன். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. நாட்கணக்கில் இல்லை, ஆண்டுக்கணக்கில். அரசாங்கத்தின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை. என் வயதுப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், கம்பியில் தொங்கும் ஒரு திரி. இரவில் வானத்தில் வெளிச்சம் தெரிந்தால் அது மின்னலா, படையினர் ஏவிய பரா வெளிச்சமா என்று பெரியவர்கள் முதலில் பார்த்தார்கள். முழக்கம் வரும்வரை எண்ணினார்கள். அந்தக் காலத்தில் மின் என்ற வேர் எங்களுக்கு ஒரு குப்பி விளக்கைக்கூட ஏற்றித் தரவில்லை.

ஆனால் வெளிச்சம் தந்த அறிவு ஒன்று ஊரில் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்து றேடியோவில் கொடுத்து, பிபிசி தமிழோசையின் செய்தி கேட்டார்கள். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்தது. அடுத்தவர் வந்து சுற்றினார். காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று கடந்து அசைந்தால் மின்னோட்டம் பிறக்கும் என்பது 1831இல் மைக்கல் ஃபரடே கண்டது. அவரும் பெரிய படிப்புப் படித்தவரில்லை, புத்தகம் கட்டும் தொழில் பழகிய ஏழை வீட்டுப் பிள்ளை. அந்த அறிவு லண்டனிலிருந்து புறப்பட்டு, ஒரு பள்ளிக்கூடக் கரும்பலகை வழியாக, எங்கள் ஊர்ச் சைக்கிள் திருத்துகிறவரின் கைக்கு வந்திருந்தது. டைனமோவுக்கு அவரிடம் தனித்தமிழ்ச் சொல் இருக்கவில்லை. பொருள் அவரிடம் இருந்தது. இங்கே மேடையில் நிற்கிறவரிடம் சொல் இருக்கிறது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழன் சாதித்தது என்று யாராவது என்னிடம் கேட்டால் அந்தச் சைக்கிளைத்தான் காட்டுவேன். தடையும் குண்டும் இருட்டும் இருந்த இடத்தில், யாரோ கண்டுபிடித்ததைத் தனதாக்கித் தேவைக்குப் பயன்படுத்தியது பெருமை இல்லையா? அதைச் சொன்னால் கைதட்டல் குறைவு. ஏனென்றால் அது நேற்று நடந்தது, அதைச் செய்தவன் சட்டையில் கிறீஸ் இருந்தது.

*

'சிங்களவன் தன் பெருமை பேசுகிறான், வடக்கன் தன் பெருமை பேசுகிறான், நாங்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பதா?' என்று ஒரு கேள்வி வரும். வழக்கமாக வருகிற கேள்வி. 2014இல் இந்தியப் பிரதமர் மோடி மும்பாயில் ஒரு மருத்துவமனை விழாவில், பிள்ளையாரின் யானைத் தலையைப் பழங்கால பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சைக்குச் சான்றாகக் காட்டினார். 2020இல் இலங்கையில், இராவணன் விமானம் ஓட்டியதற்கு ஆவணம் இருந்தால் தாருங்கள் என்று அரச தரப்பு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. இவற்றைப் பார்த்து நாம் சிரித்தோமா இல்லையா? அவர்களுடைய பொய்யைச் சிரிப்பாகவும் எங்களுடைய பொய்யை வரலாறாகவும் எண்ணுகிறவனுக்கு உண்மை மீது அக்கறை இல்லை, ஆளை மட்டும்தான் பார்க்கிறான்.

'சரி, சொல்லிலிருந்து வரலாறே எடுக்க முடியாதா?' முடியும். சிந்துவெளி முத்திரைகளில் திரும்பத் திரும்ப வரும் மீன் குறியை எடுத்து, மீன் என்ற சொல்லுக்குத் திராவிட மொழிகளில் நட்சத்திரம் என்ற பொருளும் உண்டு என்று காட்டி, அந்தக் குறி விண்மீனைச் சுட்டலாம் என்றார் ஹெராஸ் பாதிரியார். பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா 1994இல் வெளியிட்ட நூலில் அதை விரித்து எழுதினார். அந்த எழுத்து இன்றும் வாசிக்கப்படவில்லை, இது கருதுகோள்தான். எதிர்ப்பவர்கள் காரணம் சொல்லி எதிர்க்கிறார்கள், அவர்கள் துரோகிகள் ஆவதில்லை. அறிவு அப்படித்தான் நடக்கும். தவறு என்று காட்டப்பட இடம் விட்டுத்தான் அது பேசும். மேடைப் பெருமை அந்த இடத்தை விடுவதில்லை. சந்தேகம் கேட்டவனைத் தமிழன் இல்லை என்று சொல்லிவிடுகிறது.

இது வெறும் பெரியவர்களின் பொழுதுபோக்கு என்றால் நானும் சிரித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பேன். முன்வரிசையில் இருந்து கைதட்டுகிற பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் மின்சாரம் தமிழன் கண்டது என்று படிக்கிறது ஒரு பிள்ளை. திங்கட்கிழமை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கில்பேர்ட்டையும் பிராங்ளினையும் ஃபரடேயையும் படிக்கிறது. படிப்பதோடு நில்லாமல் கம்பிச் சுருளும் காந்தமும் வைத்துச் செய்து பார்க்கிறது. கையில் இருக்கும் கருவியின் முள் அசைகிறது. அந்தப் பிள்ளை எந்த வகுப்பை நம்பும்? பதினைந்து வயதில் அது எங்களிடம் சண்டை பிடிக்காது. மரியாதையாகச் சிரித்துவிட்டு, அந்தப் பொய்யோடு சேர்த்துத் தமிழையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகும். பிறகு 'பிள்ளைகள் தமிழ் கதைக்கிறார்கள் இல்லை' என்று நாம் இன்னொரு விழா எடுத்து அழுவோம்.

அந்தப் பிள்ளைக்குச் சொல்ல உண்மையான கதை எங்களிடம் இல்லாமலா இருக்கிறது? மழைக்கு முன் வானம் செய்வதைப் பார்த்து 'மின்' என்றவர்கள் கார்காலத்துக்குக் காத்திருந்த சாதாரண மனிதர்கள். புல்லில் மினுங்கும் பூச்சிக்கும் அதே சொல்லின் ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தார்கள். பிறகு எங்கோ ஒரு ஊரில் ஒரு சிப்பாய் புயலுக்குள் ஓடி ஒரு பொறியைக் கண்டான். அந்த அறிவு கப்பலேறி வந்தபோது, எங்கள் ஆசிரியர்கள் அந்தப் பழைய சொல்லை எடுத்து அதற்குள் புது அறிவை வைத்தார்கள். அந்தப் பிள்ளை பரிசோதனைச் சாலையில் கையில் பிடித்திருக்கும் கம்பிக்குள் ஓடுவதைத் தமிழிலும் சொல்ல முடிகிறது என்றால் அது இவர்களால்தான். இந்தக் கதையில் ஒரு பொய்யும் இல்லை. பிரெஞ்சு ஆசிரியர் முன்னும் சொல்லலாம்.

இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தயாரா? மைக்கைப் பிடித்திருப்பவர் தயாராக இருக்கமாட்டார். அவருக்குக் கைதட்டல் போதும். பிள்ளைகளை அனுப்புகிற நாங்கள் கேட்க வேண்டும். அடுத்த விழாவில் அவர் 'மின் என்றால்...' என்று தொடங்கும்போது, யாராவது ஒருவர் எழுந்து, 'ஐயா, அப்ப ஏன் நாங்கள் இடி விழுந்தது எண்டு சொல்லுறம்?' என்று கேளுங்கள். பதில் வருகிறதா என்று பார்ப்போம்.